அப்பனுக்கு முடியலை என்று வந்தவர்கள்

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி படிக்க வந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி அது. அதன் வாசல் பொறுப்பு இன்னாசியம்மாளுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போன பிறகு, விடுதியை நடத்திய செபாஸ்தியம்மாள் டீச்சர் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதம், டீச்சர் மதுரைக்குப் போயிருந்த ஒரு காலையில், அந்த ஆள் வந்தான்.

வெள்ளை வேட்டி, கையில் குடை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"தாயி, குஜிலியம்பாறை சுருளிவேல் மக முத்துப்பேச்சி இங்கனதான படிக்குது? அவரு கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்துட்டாரு. மதுரைப் பெரியாஸ்பத்திரில கெடக்காரு. புள்ளையப் பாக்கணும்னு அனத்துறாரு."

"நீங்க யாரு?"

"அவரோட கெணறு வெட்டுறவன். ஆத்தா இல்லாத புள்ளைன்னு அவரு சொல்லாத நாளில்ல. அதுக்கு ஒத்தத் தலைவலி வரும், மெதுவாச் சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரு."

தலைவலி விஷயம் வரை தெரிந்தவன் வேற்றாளாக இருக்க முடியுமா? ஆனாலும் இன்னாசியம்மாள் தயங்கினாள். டீச்சர் சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்றாள்.

"சாயங்காலமா? அதுக்குள்ள உசுரு போயிருச்சுன்னா நீங்க பதில் சொல்வீகளா தாயி?"

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. முத்துப்பேச்சி அழுதுகொண்டே ஓடிவந்தாள். பழைய காக்கி நிறக் கார் ஒன்று தெருமுனையில் நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுருளிவேல் வந்தார். கையில் வறுத்த நிலக்கடலைப் பை.

"எம் மகளக் கூப்பிடுங்க தாயி."

இன்னாசியம்மாள் அவர் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. "ஒங்களுக்கு ஒடம்பு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கென்ன தாயி, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கிய நேரத்தில் அவளுக்குள் ஏதோ மரத்துப் போயிற்று. நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார், போலீசுக்கு ஓடினார். அவள் தூணைப் பிடித்தபடி நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

முத்துப்பேச்சி ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருந்தாள். அவள் வேண்டாம் என்று சொன்ன தாய்மாமன் ஆண்டிச்சாமி, ஆள் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டியிருந்தான். போலீஸ் கேட்டபோது, "இனிமே நான் எங்க போக?" என்றாளாம். சுருளிவேல் மறுபடி வந்து மகளின் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னாசியம்மாளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வேலைக்காரர்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார்.

"அவனுக்கு இம்புட்டும் எப்படித் தெரிஞ்சது?"

சமையல்கார மூக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சந்தையில ஒருத்தன் பேச்சுக் குடுத்தான் டீச்சர். ஆத்தா இல்லாத புள்ளைக நெறைய இருக்கோன்னான். முத்துப்பேச்சி தலைவலின்னு சுக்குக் கேக்கும்னு நான்தேன் சொன்னேன்."

தண்ணீர் வண்டி ஓட்டும் பெரியகருப்பன் தலையைச் சொறிந்தான். "எனக்குப் பீடி குடுத்தான். டீச்சர் என்னைக்கு ஊருக்குப் போவாகன்னு கேட்டான்."

ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருந்தார்கள். அவன் ஒட்டுப்போட்டு எடுத்து வந்து, கடைசித் துண்டை இன்னாசியம்மாளிடம் வாங்கிக்கொண்டான்.

"திருட்டுப் பய நம்மள அடிக்க மாட்டான். அவசரப்படுத்துவான்" என்றார் டீச்சர். "எவன் உங்களை யோசிக்க விடலையோ, அவன் முன்னால கதவத் தெறக்காதீக. இங்க இருக்க புள்ளைகளப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசாதீக."

அதன்பின் ஒவ்வொரு பெண்ணின் அப்பனும் இன்னாசியம்மாளிடம் காதோடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். யார் கூட்டிப்போக வந்தாலும் அதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்த பிறகுதான் பெண்ணை அனுப்புவது. டீச்சர் தனக்குத் தெரிந்தவர்களை முன்பின் சொல்லாமல் அனுப்பிச் சோதித்தும் பார்த்தார். காக்கி உடுப்பில் வந்து அதட்டிய ஒருவரை மூக்காயி, "எதுன்னாலும் டீச்சரக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியம்மாளும் வாயைச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் பங்குனியில் ஆத்தூரிலிருந்து ஓர் இளவட்டம் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"கருப்பம்மா அண்ணன் நான். ராமரு. அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு. தங்கச்சிய அனுப்புங்கக்கா."

"ஒங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு."

"எனக்குத் தெரியாதுக்கா. அவருக்குப் பேச்சே இல்ல."

"தங்கச்சியக் கூப்பிடுறேன். அது ஒங்கள அண்ணன்னு சொன்னாலும், ஆள் போய்ப் பாத்துட்டு வரணும்."

கருப்பம்மாள் வந்தாள். அண்ணன்தான் என்றாள். முத்துப்பேச்சியின் மாமனும் சொந்த மாமன்தானே. இன்னாசியம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பெரியகருப்பனைப் பஸ் ஏற்றி அனுப்பினார். அண்ணன் வெளியே, தங்கை உள்ளே. இடையில் கம்பிக் கதவு. ராமர் கெஞ்சினான், ஏசினான், பிறகு மண்ணில் குந்திவிட்டான். அவன் ஏசியது ஒன்றும் இன்னாசியம்மாளுக்கு உறைக்கவில்லை.

வெயில் சாயும்போது பெரியகருப்பன் வந்தான். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"நெசந்தேன் டீச்சர். நான் போயி நிக்கையிலேயே முடிஞ்சுபோச்சு."

இன்னாசியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கருப்பம்மாள் திரும்பி வந்த அன்று, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்கு விட்டிருந்தா மூஞ்சியப் பாத்திருப்பேன்ல, அக்கா?"

"பாத்திருப்ப."

"நாளைக்கு வேற ஒருத்தி அண்ணன் வந்தா?"

"விட மாட்டேன்."

கருப்பம்மாள் தலையை ஆட்டினாள். கோபமா, சம்மதமா என்று இன்னாசியம்மாளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்துக் காதை அவள் பிடித்தாள், மறுபக்கத்தைக் கருப்பம்மாள் பிடித்தாள். இருவருமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.