நாலு டிரம் மாவும் ஒரு மீசையும்

"பம்பு செத்துப்போச்சுக்கா. நான் சொல்றது தப்பா இருந்தா இந்த மீசையை எடுத்துடுறேன்."

முந்தின நாள் சாயங்காலம் பெங்களூர் ஜோகுபாளையம் ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் கேட்க ஹெர்பர்ட் சொன்ன வார்த்தை இது. சாதாரண மீசையாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இது ரெண்டு பக்கமும் காது வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்கிற மீசை. பதினேழு வருஷமாக கார் கரண்ட் வேலை செய்து அவன் சேர்த்த சொத்து இந்த மீசையும் ஒரு டிஜிட்டல் மீட்டரும்தான். காந்தாவின் வெள்ளைக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, பம்பு சுற்றவில்லை. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பழைய பம்பைக் கழற்றிப் புதுசு போட்டான். கார் கர்ஜித்துக்கொண்டு கிளம்பியது. ஹெர்பர்ட் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனான்.

மறுநாள் ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப் ஓனர் ஜெயராமன் விடியற்காலையிலேயே இடத்தைக் கழுவிவிட்டு, இருக்கிற ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கொறடு, சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் சிவப்புத் துணியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். நடுவில் ஹெர்பர்ட்டின் மீட்டர். அதன் கண்ணாடி மேல் பெரிய பொட்டு. பொரி, கடலை, பூசணிக்காய், சாமந்திப்பூ. எல்லாம் தயார்.

"ஜெயராமண்ணே, என் மீட்டரை ஏன்ணே வச்சே? நான் சர்ச்சுக்குப் போறவன்."

"நீ எங்கே வேணா போ. மீட்டர் என் ஒர்க்‌ஷாப்ல வேலை செய்யுது. அதுக்கு என் சாமிதான்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் தெரு முனையில் ஒரு சத்தம். ஆறு பேர் சேர்ந்து காந்தாவின் காரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காந்தா. கிரைண்டர் கல்லைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள், குரலும் அப்படியே.

"யோவ் ஹெர்பர்ட்டு! எடுய்யா மீசையை!"

இன்ஜின் நின்ற கார் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. அவள் கோபத்திலேயே ஓடியிருக்கும்.

விஷயம் சின்னதில்லை. காந்தா இட்லி மாவு அரைத்து விற்கிறவள். இத்தனை நாளும் தெருவில் கவர் கவராக விற்ற மாவு, முதல்முறையாக டிரம் கணக்கில் போகிறது. மல்லேஸ்வரத்தில் இன்றைக்கு ஒரு புது டிபன் ரூம் திறக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு முதல் தோசை. அதற்குள் மாவு வந்தால் இனி தினமும் அவள் மாவுதான். வராவிட்டால் பக்கத்துத் தெரு ஆளிடம் வாங்கிவிடுவேன், அப்புறம் எப்போதும் அவன்தான் என்று அந்த ஓனர் ராஜேஷ்குமார் போனிலேயே சொல்லிவிட்டார். காரின் பின் சீட்டில் மூணும் முன் சீட்டில் ஒண்ணுமாக இருபது கிலோ டிரம் நாலு. மணி ஒன்பதே முக்கால். மூடிக்கு அடியில் மாவு பொங்க ஆரம்பித்து 'பொப்' 'பொப்' என்று மூச்சு விடுகிறது.

"ஆட்டோ பிடிச்சுப் போயேன்கா" என்றான் ஹெர்பர்ட்.

"இன்னிக்கு பெங்களூர்ல ஓடுற ஆட்டோ ஒண்ணு காட்டு. எல்லாம் வாழைமரம் கட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. டெம்போக்காரன் பூஜை முடியாம சாவியைத் தொட மாட்டேன்றான். போன்ல புக் பண்ணா அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்குது."

ஹெர்பர்ட் ஜெயராமனைப் பார்த்தான். ஜெயராமன் சாமியைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த மீட்டரை மட்டும்…"

"நாளைக்குக் காலையில எடுத்துக்கோ."

"ஒரு ஸ்பேனர்?"

"கை வச்சே, பூசணிக்காய்க்கு பதிலா உன் தலையை உடைப்பேன்."

சரி. கருவி இல்லை. காது இருக்கிறது. ஹெர்பர்ட் காந்தாவிடம், "சாவியை ஆன் மட்டும் பண்ணுக்கா, செல்ப் அடிக்காதே" என்றான். சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் பம்பு 'கிர்ர்' என்று கத்திவிட்டு நிற்க வேண்டும். அதுதான் அதன் காலை வணக்கம். கத்தவில்லை. ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே 'டிக்' என்றது. பியூஸைக் கையாலேயே பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். நல்லாத்தான் இருந்தது. அப்போ கரண்ட் பின்னால் வரைக்கும் போகிறது. புதுப் பம்பும் ஒரே ராத்திரியில் செத்துவிட்டதா?

"பின் சீட்டைத் தூக்கணும். டிரம்மை இறக்குங்க."

தள்ளிக்கொண்டு வந்தவர்களே இறக்கினார்கள். மூன்றாவது டிரம்மின் மூடி டப்பென்று திறந்து, மாவு எட்டிப் பார்த்தது. காந்தா அதைக் கைக்குழந்தையைத் தட்டுவது மாதிரித் தட்டி மூடினாள்.

சீட்டுக்கு அடியில் பம்புக்கு ஒயர் மாட்டுகிற கனெக்டர். ஹெர்பர்ட் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தான். அங்கே ஒரு பழைய பிரேக் லைட் பல்பு, ஹோல்டரோடு, ரெண்டு ஒயர் வால் தொங்க ஆணியில் மாட்டியிருந்தது.

"அண்ணே, பல்பு ஆயுதமா?"

ஜெயராமன் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவருடைய குருசாமிகூடக் கேட்டதில்லை. கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"பல்பு சாமான். ஆயுதம் இல்ல. எடுத்துக்கோ."

கூட்டம் கை தட்டியது. ஒயரைக் கனெக்டர் ஓட்டையில் செருக மெல்லிசாக ஏதாவது வேண்டும். காந்தா தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கு ரெண்டைக் கழற்றி நீட்டினாள். அது ஆயுதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருப்பாள்.

சாவி ஆஃபில் இருக்கும்போதே ஊக்கைச் செருகி பல்பை மாட்டினான். கீழே பெட்ரோல், விளையாட முடியாது.

"ஆன் பண்ணுக்கா!"

பல்பு எரிந்தது. எரிந்தது என்று சொல்லக் கூடாது. அணையப் போகிற பீடி நுனி மாதிரி செவசெவ என்று கண்ணைத் திறந்து, ரெண்டு செகண்டில் மூடிக்கொண்டது.

ஹெர்பர்ட் அப்படியே குந்தி உட்கார்ந்தான். இந்த இடத்தில்தான் நேற்று மீட்டர் பன்னிரண்டு காட்டியது.

அவனுக்கு சின்ன வயசில் அப்பாவோடு கூலி ஸ்டாண்டில் நின்றது ஞாபகம் வந்தது. மேஸ்திரி வந்து, இருக்கிறாயா என்றால் எல்லோரும் இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். சிமெண்ட் மூட்டையைத் தலையில் ஏற்றினால்தான் யாருக்கு முட்டி மடங்குகிறது என்று தெரியும். மீட்டர் இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறது. பல்பு மூட்டையை ஏற்றிப் பார்க்கிறது. நேற்று அவன் ஏற்றிப் பார்க்கவே இல்லை.

பல்பின் ஒரு ஊக்கை மட்டும் பிடுங்கி, அந்த ஒயரை சீட் பூட்டிக்கொள்கிற இரும்பு வளையத்தில் சுற்றினான். தேய்ந்து தேய்ந்து பளபளவென்று இருந்த வளையம்.

"இன்னொரு வாட்டி!"

பல்பு பளீர் என்று அடித்தது. ஜெயராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹெர்பர்ட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருகிற கரண்ட் சரி. திரும்பிப் போகிற வழிதான் அடைத்திருக்கிறது. எர்த் கோளாறு. பம்பு சாகவே இல்லை. புதுசும் சாகவில்லை, பழசும் சாகவில்லை. நேற்று கழற்றி மாட்டின ஆட்டத்தில் எர்த் ஒயர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறது. இன்றைக்கு டிரம் ஏற்றின அழுத்தத்தில் விட்டுவிட்டது.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. கை தன்னாலே மீசைக்குப் போயிற்று. கனெக்டர் லூசு, இப்போ சரியாப்போச்சு என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். யாருக்குத் தெரியும்?

பக்கத்தில் மாவு 'பொப்' என்றது. காந்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா? பம்பா?"

"பம்பு இல்லக்கா" என்று கத்தினான் ஹெர்பர்ட். "எர்த்து! பம்பு நல்லாருக்குது! நான்தான் தப்பு!"

இவ்வளவு சந்தோஷமாகத் தன் தப்பை ஒத்துக்கொண்ட மனிதனை ஜோகுபாளையம் பார்த்ததில்லை. நோய் பிடிபட்டுவிட்டால் மெக்கானிக்குக்கு வருகிற வெறி அது. மீசை எல்லாம் அப்புறம். கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது கதவோரம் கார்ப்பெட்டுக்கு அடியில் நுழைந்தது. கார்ப்பெட்டை உரித்தான்.

புளிச்ச வாடை குப்பென்று அடித்தது. நேற்றே இந்த வாடை வந்தது. பேட்டரி ஆசிட் என்று நினைத்துத் தொலைத்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் தகரம் முழுக்க வெள்ளையாக, காய்ந்து, ஓரம் முறுகி, ஒரு முழ அகலத்துக்கு ஒரு தோசை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் எர்த் போல்ட், பச்சை பூத்து, துரு தின்று, மிளகாய்ப்பொடி தூவியது மாதிரி.

"இன்னாக்கா இது?"

காந்தா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் சிந்தியிருக்கும்."

"கொஞ்சமா? சட்னி ஊத்துனா நாலு பேர் சாப்பிடலாம்!"

"இந்த ஊர் குளிருக்கு மாவு எங்கேய்யா பொங்குது? நீயே சொல்லு. கம்பளி போத்திப் பாத்தேன், அடுப்பு பக்கத்துல வச்சுப் பாத்தேன். கண்ணாடிய ஏத்திட்டு காரை வெயில்ல நிறுத்துனா நாலு மணி நேரத்துல ஜம்முனு பொங்குது. ஒரு வருஷமா அப்படித்தான். சில நாள் டிவி பாத்துக்கிட்டே மறந்துடுவேன். அது பாட்டுக்கு வழியும்."

எல்லோரும் கார்ப்பெட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஜெயராமன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணைந்தது. தள்ளிக்கொண்டு வந்த ஆறு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் காந்தாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"காருக்கு பேதி கண்டு ஒரு வருஷம் ஆச்சு, நீ பம்பை மாத்துனியே டாக்டரு" என்றார் ஜெயராமன்.

ஸ்பேனர் இல்லாமல் போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்ற கவலையே வரவில்லை. ஹெர்பர்ட் ஒயரைப் பிடித்து லேசாக இழுத்ததும் அழுகின பல் மாதிரிக் கையோடு வந்துவிட்டது. நுனியில் ரப்பரைப் பல்லால் கடித்து உரித்து, தாமிரம் பளிச்சென்று தெரியும் வரைக்கும் சீலையால் தேய்த்து, பக்கத்து இரும்பு வளையத்தில் ஏழு சுற்று சுற்றி முறுக்கினான். சீலை காந்தாவுடையது. புதுசு. அவள் அதைக் கவனித்தது பிற்பாடுதான்.

"இது இன்னிக்குப் போதும்கா. நாளைக்கு ஆயுதம் எழுந்திரிச்சதும் ஒழுங்கா போட்டுத்தரேன். கனெக்டர் மாட்டிட்டேன். சாவி போடு."

'கிர்ர்ர்.'

புதுமாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி அந்தச் சத்தம். செல்ப் அடித்ததும் கார் உடனே பிடித்துக்கொண்டது.

சீட்டைப் போட்டு டிரம்களை ஏற்றியதும், "இரு!" என்று ஓடிவந்தார் ஜெயராமன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்காமல் விடமாட்டார். வைத்தார். மணி பத்தே முக்கால். பழம் நாலும் நசுங்க கார் கிளம்பியது, பின் சீட்டில் டிரம்களுக்கு மேல் ஹெர்பர்ட் படுத்திருந்தான்.

படுத்திருந்தான் என்றால் நிஜமாகவே படுத்திருந்தான். மூணு டிரம்மின் மூடியும் மேலே வரத் துடிக்க, ஒன்றைக் கையால், ஒன்றை வயிற்றால், ஒன்றை முழங்காலால் அழுத்திப் பிடித்தபடி. அல்சூரைத் தாண்டும்போது நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் கார் வழுக்கியது. 'பொப்.' அவன் சட்டைக்குள் ஏதோ குளிர்ச்சியாக இறங்கியது.

"அக்கா, உள்ளே வந்துடுச்சு!"

"அழுத்துய்யா! நாலு வருஷம் தெரு தெருவா கத்துனேன் இந்த ஒரு ஆர்டருக்கு!"

"பிரேக் போடாதேக்கா!"

"சிக்னல்ல போடாம?"

மல்லேஸ்வரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். வாசலில் ராஜேஷ்குமார் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின் கதவு திறந்ததும் தலையிலிருந்து முழங்கால் வரை மாவு பூசிய ஒரு ஆள் இறங்கினான். மீசை ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்.

"இது யாரு?" என்றார் ராஜேஷ்குமார்.

"சாம்பிள்" என்றாள் காந்தா.

சமையல்காரர் உமேஷ் டிரம்மில் விரலை விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். முதல் தோசை கல்லில் விழுந்து சுர்ரென்றது. ஓரம் சிவந்து எழுந்து வந்ததும் ராஜேஷ்குமார் ஒரு வாய் பிட்டுப் போட்டுவிட்டு வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார்.

"நாளைக்கு அஞ்சு டிரம். ஆறு மணிக்கே."

காந்தா தோசைக்கல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள். புகை என்றாள்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜோகுபாளையம் திரும்பினால், ஜெயராமன் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே காத்திருந்தார். ஒரு கையில் நேற்று கழற்றிப்போட்ட பழைய பம்பு. காலடியில் பேட்டரி. ஒயர் ரெண்டையும் தொட்டார். 'கிர்ர்' என்று சுற்றியது. சுற்றி நின்ற கூட்டம் "ஓஓஓ" என்றது.

"சாமான்தான், ஆயுதம் இல்ல" என்றார் ஜெயராமன். "வா, சலூனுக்கு."

ஹெர்பர்ட் சொன்ன சொல்லை விழுங்குகிறவன் இல்லை. காய்ந்த மாவு உதிர உதிர நடந்தான். பின்னால் ஜெயராமன், காந்தா, காலையில் தள்ளின ஆறு பேர், சும்மா வந்த பத்துப் பேர். மேளம் மட்டும்தான் இல்லை. சலூனுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் கடைசியாக ஒருமுறை பார்த்து, மீசையை முறுக்கினான். மாவுப் பிசினில் அது முறுக்கின இடத்திலேயே நின்றது.

"எடு நாகேஷ்" என்றான்.

சலூன்கார நாகேஷ் அவனைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். சுவரோரம் கை காட்டினான். அங்கே சிவப்புத் துணி மேல் கத்தி, கத்தரி, சீப்பு, மிஷின் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"இன்னாண்ணே, தெரியாதா? நாளைக்கு வாங்க."