இரண்டாம் சரணத்துச் சிரிப்பு

பாட்டைப் பதிவு செய்தால் பாடியவரின் குரல் பதிவுப் பெட்டியிலேயே தங்கிவிடும். பிறகு படப்பிடிப்பு நாளன்று அந்தப் பெட்டியைத் திறந்து பாட்டை ஓடவிட வேண்டும். பாடியவர் எதிரே நின்று வாயசைக்க வேண்டும். வாய் பொருந்தினால் குரல் வந்து இறங்கிக்கொள்ளும். உடுமலைப் பக்கம் இதுதான் முறை. மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்க வேண்டும். யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கேட்டதில்லை.

ஆகவே தாரணி எட்டு நாட்களாகக் குரல் இல்லாமல் இருந்தாள். பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. கல்லூரியில் பேர் கூப்பிடும்போது அவளுக்கும் சேர்த்து ரிஸ்வானா "உள்ளேன் ஐயா" சொன்னாள். கடையில் கையை நீட்டிக் காட்டினால் கத்தரிக்காய் கிடைத்தது. வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். அம்மாவும் பெண்ணும் பொழுது விடிந்து பொழுது போனால் வாய்ச்சண்டை போட்டுப் பழகிய வீடு அது. எட்டு நாளும் அம்மா ஈஸ்வரி தனி ஆளாகச் சண்டை போட வேண்டியிருந்தது. ஒரு கை தட்டி ஓசை வருமா? நாலாம் நாளே அவளுக்கு அலுத்துவிட்டது.

"நீ எதுத்துப் பேசாம எனக்குத் திட்டவே வர மாட்டீங்குது கண்ணு. வெரசாப் போயிக் குரலை வாங்கிட்டு வா" என்றாள்.

தாரணி பாடிய பாட்டு 'அரை டிக்கெட்' குழுவினுடையது. கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து வைத்த குழு. அதில் இரண்டு பேர் எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார்கள்; அவர்களை விட்டுவிடலாம். மிச்சம் மூன்று பேர். நவநீதன் பாட்டு எழுதுவான், கேமராவும் பிடிப்பான். ரிஸ்வானா கீபோர்டு. தாரணி பாடுவாள். காத்தாடியைப் பற்றிப் பாட்டு. காத்தாடி என்றால் குழந்தைகள் பிடித்துக்கொண்டு ஓடுவது அல்ல, காட்டுக்குக் காடு நிற்கிறதே, மின்சாரம் எடுக்கிற ராட்சசக் காத்தாடி, அது.

*காத்து எங்கே போகுதுன்னு காத்தாடிக்குத் தெரியாது,
போறவங்க போகட்டும், நான் நின்னுக்கிட்டே சுத்துறேன்.*

சும்மா சொல்லக்கூடாது, பையன் நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

படப்பிடிப்புக்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். இடம், சோளக்காட்டை ஒட்டிய மூன்று காத்தாடிகளின் அடி. மைக் செட் தங்கராசு அண்ணன் பெட்டியைத் தன் மொபெட்டில் முன்னால் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். குரலை வாங்கும்போது பெற்றவர்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதால் அம்மாவும் வந்திருந்தாள். தூக்குப்போசியில் எல்லோருக்கும் புளிச்சோறு.

தங்கராசு அண்ணன் விதிகளைச் சொன்னார். அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால் கலெக்டரே தோற்றுவிடுவார்.

"பாட்டு ஓடறப்போ பாடுன புள்ளையத் தவிர ஆரும் வாயைத் தொறக்கக் கூடாதுங்க. கொட்டாவி ஆகாது. கூடப் பாடறது ஆகவே ஆகாது. பொழுது எறங்கறதுக்குள்ள குரல் எறங்கோணும். இல்லீன்னா பெட்டி மூடிக்கும். அப்புறம் அந்தக் குரல் பெட்டிக்கே சொந்தம். ஆயுசுக்கும் இந்த ஒரு பாட்டத் தவிர வேறொண்ணும் பேசாது."

தாரணி தலையாட்டினாள். எட்டு நாள் பேசாமல் இருப்பது விரதம் மாதிரி. ஆயுளுக்கும் என்றால் அது வேறு.

வாயைத் திறக்கக் கூடாது என்பதைச் சிலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். போன வருஷம் வணிகவியல் படிக்கிற பையன் ஒருவன் பாட்டு எடுத்தபோது, பக்கத்தில் நின்ற இட்லிக்கடைக்காரர் தாளம் போட்டபடி வாயையும் அசைத்துவிட்டார். பையனின் குரல் அவருக்குள் போனது. ஒரு வாயில் இரண்டு குரல் இருக்க முடியாதல்லவா? அவருடைய பழைய குரல் எழுந்து, காலியாகக் கிடந்த பையனின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. குரல் மட்டும் வெறுங்கையோடு வராது, சொல்லி வழக்கப்பட்டதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் வரும். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் பையன், "கெட்டிச் சட்னிங்களா, தண்ணிச் சட்னிங்களா?" என்று கேட்டான். ஆசிரியர் கெட்டி என்றார். பையன் பாஸ்.

முதல் டேக்கில் பல்லவி வரை எல்லாம் சரியாக நடந்தது. தாரணி வாயசைக்க அசைக்க, உதட்டில் வெதுவெதுப்பாக ஏதோ வந்து தொட்டது. அவளுடைய குரல்தான். வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஆளைப்போல அங்கேயே நின்றது. அதற்குள் சோளக்காட்டு ஓரம் படுத்திருந்த வெள்ளாடு ஒன்று அசைபோட, அந்த அசை பாட்டின் தாளத்தோடு அச்சாக ஒத்துப்போனது. பல்லவியில் இரண்டு சொல் ஆட்டுக்குள் போய்விட்டன. தங்கராசு அண்ணன் ஆட்டின் முதுகில் தட்டி இரண்டையும் திரும்ப வாங்கினார். "காத்தாடிக்கு" என்று ஆடு தெளிவாகச் சொன்னது. அதை அக்கட்டால, காட்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டிவிட்டார்கள்.

"ஒன் மோர்" என்றான் நவநீதன்.

இரண்டாவது டேக்கில் முதல் சரணம் தாண்டியது. இரண்டாம் சரணமும் வந்தது. அதிலும் திரும்ப வருகிற 'போறவங்க போகட்டும்' என்ற இடத்தில் பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. குரல் பல் வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் பெட்டிக்கே போய்விட்டது.

அந்தச் சிரிப்புதான் வில்லங்கம். கோழித்தீவனக் கிட்டங்கியில் பதிவு செய்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடினால் எதிரொலி இருக்காது. அப்போது அந்த வரியில் தாரணி சிரித்துவிட்டாள். நவநீதன் அதை வெட்டவில்லை. "பாட்டுக்கே அதுதான் உசுரு" என்றான். ஏன் சிரித்தாள்? தான் தும்மியதால் என்று நவநீதன் சொல்கிறான். கோழி ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போனதால் என்று ரிஸ்வானா சொல்கிறாள். தாரணிக்கு ஞாபகமே இல்லை. சொல்லைக் கற்றுக்கொண்டு வாயசைக்கலாம். காரணம் தெரியாத சிரிப்புக்கு எப்படி வாயசைப்பது?

மூன்றாவது டேக்கில் நவநீதன் வாயைப் பொத்திக்கொண்டு தும்மினான். அவனுக்கு உண்மையான தும்மல் வரவில்லை, அவளுக்கு உண்மையான சிரிப்பும் வரவில்லை. நாலாவதில் ரிஸ்வானா கேமராவுக்குப் பின்னால் நின்று கோழி மாதிரி கழுத்தை நீட்டினாள். தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் முதல் சரணத்திலேயே. ஐந்தாவதில் இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். சிரிப்பு பாட்டு முடிந்து, தங்கராசு அண்ணன் பெட்டியை நிறுத்திய பிறகு வந்தது. சிரிப்பு என்ன வாடகைக் காரா, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க?

நடுவில் புளிச்சோறு உண்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வருகிற அந்த இரண்டு பேரும் வந்து, உண்டுவிட்டுப் போனார்கள்.

ஆறாவது டேக்கும் பல்லோடு திரும்பியபோது வெயில் மூன்றாவது காத்தாடியின் இடுப்புக்கு வந்துவிட்டது. தாரணி வெயிலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவேளை குரல் வராமலேயே போனால்? போனில் யாரையும் கூப்பிட முடியாது. கல்யாணத்தில் வாழ்த்துப் பாட முடியாது. அம்மாவோடு சண்டை போட முடியாது. கடைசியில் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்; ஆனால் ஆச்சரியப்பட நேரமில்லை.

ஏழாவது டேக். அவள் ஒரு முடிவோடு நின்றாள். வருகிற மாதிரி வரட்டும், பல் முப்பத்திரண்டையும் காட்டிவிடுவது.

அம்மா வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். விதிக்குக் கட்டுப்பட்டு வாயில் ஒரு புளிப்பு மிட்டாயை ஒதுக்கி, உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். காலையிலிருந்து அந்த வாய் திறக்கவில்லை, சோறு உண்ட நேரம் தவிர. ஈஸ்வரியைத் தெரிந்தவர்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பாட்டு ஓடியது. குரல் உதட்டுக்கு வந்தது. பல்லுக்கு வந்தது. 'போறவங்க போகட்டும்.' தாரணி கண்ணை உருட்டி, கன்னத்தை இழுத்து, பல்லை இளித்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், பல் டாக்டரிடம் போன குதிரைகூட அப்படி இளிக்காது. அம்மா பார்த்தாள். அடக்க முடியவில்லை. மிட்டாய் ஒரு பக்கம் தெறிக்க, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு இம்மி பிசகாமல் தாளத்தில் விழுந்தது. அதே நீளம், அதே வளைவு. தாரணிக்கு அந்தச் சிரிப்பே அம்மா வழியில் வந்ததுதானே? பல் வரைக்கும் போன குரல் நின்று, திரும்பிப் பார்த்து, வேப்ப மரத்தடிக்கு நடந்து, அம்மாவின் வாய்க்குள் இறங்கிக்கொண்டது.

"எறங்கிடுச்சுங்க" என்றார் தங்கராசு அண்ணன், நோட்டில் எழுதியபடி. "பக்கத்து வாய்ல."

"படம் ஓகே" என்றான் நவநீதன். வாயசைவு கேமராவில் சரியாகவே விழுந்திருந்தது.

அம்மாவின் பழைய குரல் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, தாரணியின் வாய்க்கு வந்தது. வந்ததும் வராததுமாக, "எல்லாரும் சோறு உண்டீங்களா?" என்று கேட்டது. உண்டோம் என்று ரிஸ்வானா சொன்னாள்.

தாரணிக்கு அழுகை வந்தது. தன் குரல் எட்டடி தூரத்தில் இன்னொருவர் வாயில் இருக்கும்போது வராதா பின்னே? ஆனால் அழுதால் அம்மாவின் குரலில்தான் அழ வேண்டும். அந்தக் குரல் அழுது அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அது எந்த இடத்தில் தொடங்கும் என்று தெரியவில்லை. அதனால் அப்படியே நின்றாள்.

அம்மா புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல, "தாரணி" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு "ஈஸ்வரி" என்று சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலேயே பல்லவியை முணுமுணுத்தாள். முணுமுணுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள். காத்தாடியின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. இந்த நாற்பத்தாறு வயது வரை ஈஸ்வரி பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை. தாலாட்டுக்குக்கூட அவள் ரேடியோவைத்தான் வைத்தாள்.

நவநீதன் வெயிலைப் பார்த்தான். "இன்னும் கால் மணி நேரம் இருக்குது. ஒன் மோர் போனா அம்மாகிட்ட இருந்து திருப்பி வாங்கிக்கலாம். போலாமா?"

தாரணி வாயைத் திறந்தாள்.

"போச்சாது உடு" என்றது அம்மாவின் குரல். "ஆசையாப் பாடிட்டு இருக்கறவளை எதுக்கு எழுப்பிட்டு?"

சொன்னது குரலா, தானா என்று தாரணி யோசித்துப் பார்த்தாள். தானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அழுகை நின்றுவிட்டது. தங்கராசு அண்ணன் பெட்டியை மூடினார்.

இன்றைக்கும் யாராவது அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டால், நல்ல நாள் என்றுதான் தாரணி சொல்கிறாள். பாட்டை ஊரெல்லாம் பார்த்தது. இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் சிரிப்பது மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது சரிதான்.

அன்று ஏழு மணி டவுன் பஸ்ஸில் இருவரும் ஊர் திரும்பினார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். தாரணிக்குப் பாட வரவில்லை. அவளிடம் இருந்த குரலில் வேறு சாமான்கள் நிறைய இருந்தன. "கையை வெளிய நீட்டாத" என்றாள். "கொடியில துணி காயுது, போனதும் எடுக்கோணும்" என்றாள். "ஆரு அந்தப் பையன், தும்மறதுக்குக்கூடத் தெரியாம?" என்றாள். தினமும் புழங்கித் தேய்ந்த வாக்கியங்கள், எல்லாம் மேலாக்கவே கிடந்தன. ஒவ்வொன்றாக வந்து தீர்ந்தன.

அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. பல வருஷத்துக்கு முந்தையது. கட்டாமலேயே வைத்த பட்டுப்புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒருமுறைகூட வெளியே எடுத்த தடயம் இல்லை. புழக்கம் இல்லாததால் அது தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்து சேர இரண்டு ஸ்டாப் ஆயிற்று.

"நெம்ப நல்லாப் பாடற கண்ணு நீ" என்றாள் தாரணி.

அம்மா பாட்டை நிறுத்தினாள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போம்மா, நீ சும்மா சொல்ற" என்றாள்.