மிச்சம் விழாத கடை

என்னை யாராவது "நேர்மையான ஆளு"ன்னு சொன்னா இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அறுபத்தோரு வயசாச்சு. மால்மோ நகரத்துல ஒரே கடை, அதே காய்கறிப் பிரிவு, இருபத்தாறு வருஷம். அங்க வந்து இந்த பெர்ட்டில் எப்படிப்பட்டவன்னு கேட்டுப் பாருங்க. அழுகின கேரட் ஒண்ணைக்கூட விடாமக் கழிவுல ஏத்துற மனுஷன்னு சொல்வாங்க. அந்தப் பேரை வாங்கத்தான் நான் பாடுபட்டேன். இப்ப அதைக் கேட்டா காதைப் பொத்திக்கணும் போல இருக்கு.

வேலை இதுதான். காலையில ஆறரைக்குப் போனதும் தட்டு தட்டாப் பார்ப்பேன். வாடினது, அடிபட்டது, தொட்டா அமுங்குறது எல்லாத்தையும் பெட்டியில எடுத்துப் போட்டு, ஸ்கேனர்ல ஒவ்வொண்ணாக் காட்டுவேன். அது கழிவுன்னு பதிவாகும், கடைசியில ஒரு சீட்டு வரும். மத்த பிரிவுக்காரங்க பேருக்கு நாலைக் காட்டிட்டு மிச்சத்தை அப்படியே பழுப்புப் பையில கொட்டிருவாங்க. அந்தப் பை போற இடத்துல எரிவாயு எடுக்கிறாங்க, அதுல நகரத்துப் பஸ் ஓடுது. "பஸ்ஸுக்குத்தானய்யா போவுது, கணக்குப் பார்த்துக்கிட்டு"ன்னு ரொட்டிப் பிரிவுக்காரி என்னைக் கேலி பண்ணுவா. எனக்கு அதெல்லாம் ஆகாது. கழிச்சா கழிச்சேன்னு சொல்லணும், அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, கடைக்குப் பின்பக்கம் சாமான் இறக்குற இடத்தை ஒட்டி இருந்த பழைய கிடங்கை அடுப்படியா மாத்தினாங்க. நான் கழிக்கிற காயில மத்தியானச் சாப்பாடு செஞ்சு, அடிமட்ட விலைக்குப் போடணும்னு திட்டம். அதுக்கு வேலைவாய்ப்பு ஆபீசுல இருந்து இங்கெலாவை அனுப்பி வெச்சாங்க. பள்ளிக்கூடத்துல சமையல்காரியா இருந்தவ. முதுகு போச்சு, அப்புறம் மனசும் போச்சு, நாலு வருஷம் வீட்டுக்குள்ளயே கிடந்திருக்கா. முதல் நாள் கோட்டைக்கூடக் கழட்டாம அரைமணி நேரம் அடுப்பு முன்னாடி நின்னா. நான் அடிபட்ட காலிஃப்ளவர் பெட்டியைக் கொண்டுபோய் வெச்சேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இதையா கழிச்சே? உன் மூஞ்சியை விட நல்லாத்தானே இருக்கு"ன்னா. அப்புறம்தான் கோட்டைக் கழட்டினா.

அன்னிலேர்ந்து தினம் நாப்பது பேர் சாப்பிட்டாங்க. எண்பத்தெட்டு வயசு ஸ்வேயா அம்மா, நடக்க ஊனிக்கிற தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டு பனியிலயும் வருவாங்க. பொண்டாட்டி செத்த பஸ் டிரைவர் ஒருத்தர், காசு பத்தாத ரெண்டு குடும்பம், சும்மா பேச ஆள் வேணும்னு வர்றவங்க. வியாழக்கிழமை பட்டாணி சூப்புன்னா நிக்க இடம் இருக்காது. இங்கெலா ஒருநாள் என்கிட்ட சொன்னா, அந்த நாலு வருஷமும் அவ வீட்டு சன்னல் திரையைத் திறந்ததே இல்லையாம், செவ்வாயா புதனான்னுகூடத் தெரியாதாம். "இந்த அடுப்பு போச்சுன்னா நான் நேரா அங்கதான் போவேன் பெர்ட்டிலு. நடுவுல வேற இடம் இல்ல"ன்னா. விளையாட்டுக்குச் சொல்லலை.

ஒரே ஒரு நிபந்தனை. கழிவுச் சீட்டு இல்லாத பொருள் எதுவும் அந்தப் பானையில விழக்கூடாது. விழுந்தா அது ஓட்டல் ஆயிரும், அதுக்கு வேற அனுமதி வேணும். சுகாதார அதிகாரி வந்தா முதல்ல சீட்டுக் கட்டைத்தான் கேப்பாரு.

போன குளிர்காலத்துல புது ஏற்பாடு வந்துச்சு. இனிமே ஆர்டர் போடறது மனுஷன் இல்ல, மிஷினு. வந்த சரக்குல கழிஞ்சது போக மத்ததெல்லாம் வித்துச்சுன்னு எடுத்துக்கும். கழிஞ்ச அளவுக்கு அடுத்த ஆர்டர்ல குறைச்சிரும். எங்க மேனேஜர் யோவாகிம் எல்லாரையும் கூட்டி வெச்சு விளக்கினான். முப்பத்தஞ்சு வயசு, நல்ல பையன், கெட்டது நினைக்கத் தெரியாது. மத்த பிரிவுல பதிவு அரைகுறையா இருக்கிறதால மிஷின் தடுமாறுதாம். "பெர்ட்டிலோட ஆறு வருஷப் பதிவு இருக்கே, தங்கம்"ன்னான். எல்லாரும் கை தட்டினாங்க. சொல்றதுக்கென்ன, நான் பூரிச்சுப் போனேன்.

இங்கெலாவுக்குத்தான் முதல்ல உறைச்சுது. அடுப்படிக்குத் தினம் பத்துப் பெட்டி போயிக்கிட்டு இருந்த இடத்துல ஆறு ஆச்சு, அப்புறம் அஞ்சு. ஒருநாள் காபி நேரத்துல வந்து கதவைச் சாத்தினா.

"உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. தினம் ரெண்டு பெட்டியை ஸ்கேன் பண்ணாம அந்தப் பழுப்புப் பையில கொட்டிரு. வித்துப் போச்சுன்னு மிஷின் நினைச்சுக்கும், ஆர்டரைக் குறைக்காது. மிச்சத்துல நான் சமாளிச்சுக்கறேன்."

"நல்ல காயைத் தெரிஞ்சே பஸ்ஸுக்குப் போடச் சொல்றியா?"

"மத்தவங்க எல்லாரும் அதைத்தானே பண்றாங்க."

"அவங்க பண்ணட்டும். எனக்கு அது வராது இங்கெலா. மிச்சம் குறையணும்னுதானே இந்த அடுப்பையே வெச்சாங்க?"

நான் சொன்னது நியாயம்தான். இன்னிக்கும் அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. அவ என் கோப்பையையும் சேர்த்துக் கழுவிக் கவுத்திட்டுப் போனா.

ஏப்ரல் முடியறதுக்குள்ள தினம் ஒரு பெட்டி, சில நாள் அதுவும் இல்ல. சூப்பு தண்ணியாப் போச்சு. நாப்பது பேர் இருபதாகி, பதினஞ்சாச்சு. கிடைக்கிறது இல்லேன்னு தெரிஞ்சா யார் வருவா? இங்கெலா காலையில வந்து கோட்டோடயே உக்காந்திருக்க ஆரம்பிச்சா. யோவாகிம் நிஜமாவே வருத்தப்பட்டான். தினம் இருபது சாப்பாடு வரலேன்னா மே மாசக் கடைசியில மூடிருவோம்னு மேல முடிவு பண்ணிட்டாங்களாம். மூடினா அவ வேலையும் முடிஞ்சுது. "ஒரு வகையில வெற்றிதான்"னு சொல்லிட்டு, சொன்னதுக்காக அவனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

எந்த வெற்றி? எங்களுக்குக் கேரட் கொண்டுவர்ற லாரிக்காரன்கிட்ட ஒருநாள் விசாரிச்சேன், நாங்க வாங்காத சரக்கு எங்க போகுதுன்னு. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எங்க போவும்? தோட்டத்துலயே உழுது மூடிட்டாங்க"ன்னான். அதாவது மிச்சம் குறையவே இல்ல. என் கண்ணுக்கு எட்டாத இடத்துல விழுது, அவ்வளவுதான்.

மறுநாள் என் கைக்காசைப் போட்டு எங்க கடையிலயே மூணு மூட்டை உருளையும் முட்டைக்கோசும் வாங்கி அடுப்படியில கொண்டுபோய் இறக்கினேன். இங்கெலா கையால தொடலை.

"சீட்டு எங்க?"

"பில் இருக்கு. நான் வாங்கினது."

"பில்லை வெச்சு நான் என்ன பண்ண? அதிகாரி வந்தா இந்த சாக்குல இன்னிக்கே மூடிருவாங்க. எடுத்துக்கிட்டுப் போ."

"யாருக்குத் தெரியப் போவுது?"

நான்தான் கேட்டேன். இருபத்தாறு வருஷமா அந்த வார்த்தையை அடுத்தவங்க சொன்னாலே மூஞ்சியைச் சுளிச்ச நான் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா மூட்டையைத் திருப்பித்தான் அனுப்பினா.

சரி, சீட்டுதானே வேணும்னு தோணிச்சு. மே மாசக் கடைசி வாரம், திங்கக்கிழமை காலையில, ஒரு குறையும் இல்லாத முட்டைக்கோசு மூணு பெட்டி, உருளை மூணு பெட்டி எடுத்து வெச்சேன். ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி, கழிவுன்னு ஏத்தி, சீட்டைக் கிழிச்சு மேல வெச்சேன். இங்கெலா கோசை அமுக்கிப் பார்த்தா, கல்லு மாதிரி இருந்துச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா. குளிர் அறையில ஏதோ கோளாறு, விக்கக்கூடாதுன்னுட்டாங்கன்னு சொன்னேன். என் வாயில இருந்து அவ்வளவு சுத்தமா ஒரு பொய் வரும்னு எனக்கே தெரியாது.

அவ கோட்டைக் கழட்டி மாட்டினா. கோசு இலையில, கறிப் பிரிவுல சீட்டோட கழிச்ச கறியை வெச்சு மடிச்சு நெய்யில வதக்கினா பாருங்க, வாசனை பணம் கட்டுற இடம் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்கு இருபத்தாறு பேர். செவ்வாக்கிழமையும் அதே மாதிரி ஆறு பெட்டி ஏத்தினேன், முப்பத்தோரு பேர் வந்தாங்க. ஸ்வேயா அம்மா ரெண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. இங்கெலா பாத்திரம் விளக்கிக்கிட்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தா. மாசத்தைத் தாண்டிட்டோம்னு நான் நினைச்சேன்.

புதன்கிழமை லாரி வந்துச்சு. கதவைத் திறந்தா தக்காளி இருக்கு, வெங்காயம் இருக்கு. கோசும் இல்ல, உருளையும் இல்ல. ஒரு பெட்டிகூட இல்ல. லாரிக்காரன் தாளைக் காட்டினான், ஆர்டரே வரலையாம். அங்கயே நின்ன இடத்துல எனக்கு உறைச்சுது. ரெண்டு நாள்ல பன்னெண்டு பெட்டி கழிஞ்சுதுன்னு மிஷின் பார்த்திருக்கு. இந்தக் கடைக்குக் கோசே வேணாம், உருளையே வேணாம்னு முடிவு பண்ணிருச்சு. இங்கெலா ஸ்கேன் பண்ணாதேன்னு கெஞ்சினப்பவும் ஸ்கேன் பண்ணேன், அவளைக் காப்பாத்தறேன்னு கிளம்பினப்பவும் அதே ஸ்கேனரைத்தான் தூக்கினேன். தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் கெடலை, அவளைக் கெடுத்தேன்.

எட்டு மணிக்குக் காலித் தட்டைப் பார்த்துட்டு யோவாகிம் ஓடி வந்தான். அப்படி என்ன அழுகிச்சுன்னு கேட்டான். இப்ப மட்டும் உண்மை தானா வாயில வந்து நின்னுச்சு. எல்லாத்தையும் சொன்னேன். அவன் கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும், கத்தலை. விக்கிற சரக்கைக் கழிச்சு அடுப்படிக்குக் கொடுத்தது மேல தெரிஞ்சா மாசக் கடைசி வரைக்கும்கூட விடமாட்டாங்க, இன்னிக்கே மூடியாகணும்னான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட சரி. இத்தனை வருஷம் வேலை பார்த்தவன், சங்கம் இருக்கு, என்னைத் தொட முடியாது. இங்கெலாவுக்கு எந்தச் சங்கமும் இல்ல.

அவகிட்ட நானே சொல்றேன்னு போனேன். கோசு எப்படி வந்துச்சு, ஏன் நின்னுச்சு, எல்லாம் சொல்லி முடிச்சேன். அவ நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே இடுப்புல கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மடிச்சு மேசையில வெச்சுட்டா.

"நான் கேட்டப்ப உண்மையா இருந்தே. கேக்காதப்ப பொய் சொன்னே. ரெண்டையும் மாத்திப் பண்ணியிருக்கக் கூடாதா பெர்ட்டிலு?"

கோவமா சொல்லலை. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அவ வீட்டுல இருந்து கொண்டுவந்த பெரிய பானை ஒண்ணு இருந்துச்சு, முதுகு வலிக்கு அவளால தூக்க முடியாது. அதைத் தூக்கி, அவளைக் கூட்டிக்கிட்டுப் போக வந்த தங்கச்சி காருக்குள்ள வெச்சேன். அப்புறம் மூணு தடவை போன் பண்ணிட்டேன். மூணு தடவையும் தங்கச்சிதான் எடுத்தா, அக்கா தூங்குதுன்னா. ஒரு தடவை மத்தியானம் ரெண்டு மணி.

அந்தப் புதன்கிழமை பன்னெண்டு மணிக்குப் பூட்டின கதவு முன்னாடி முப்பது பேருக்கு மேல நின்னாங்க, ரெண்டு நாள் சாப்பாட்டுப் பேச்சு பரவியிருந்துச்சு. போய்ச் சொல்ல என்னை விட்டா ஆள் இல்ல. இன்னிக்குச் சாப்பாடு இல்ல, இனிமேலும் இருக்காது, கடையில மிச்சம் எதுவும் விழறதில்லன்னு சொன்னேன். ஒருத்தரும் சண்டை போடலை. எங்க ஊர்ல அப்படித்தான், ஒவ்வொருத்தரா நகர்ந்து போனாங்க. ஸ்வேயா அம்மா மட்டும் தள்ளுவண்டியை உருட்டிக்கிட்டு என் கிட்ட வந்தாங்க.

"மிச்சமே விழறதில்லையா தம்பி?"

"இல்லம்மா."

"நல்லதுதானே. அதுக்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டே."

குத்தலாச் சொல்லலை, மனசாரத்தான் சொன்னாங்க. என் கையைத் தட்டிக் கொடுத்துட்டு, வண்டியைத் திருப்பிக்கிட்டு வெறும் வயித்தோட வீட்டுக்குப் போனாங்க.