மருமகனுக்குப் பசி

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை. ரவிக்கை நனைந்திருந்ததை முதலில் வியர்வை என்றுதான் நினைத்தேன். வியர்வை வெள்ளையாக வருமா? பிள்ளையே பெறாத எனக்குப் பால் சுரந்தது. புருஷன் ஷேக் தாவூது பினாங்கில் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷமாகிறது. இந்த லட்சணத்தில், தென்னூர் மருத்துவச்சி ராக்கம்மாள் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தங்கியிருக்குங்க" என்றாள். அங்கேயே அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தெருவுக்குக் கேட்டுவிடுமே என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாத்தனார் கமர் ஜஹான் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். தினமும் என் பக்கத்தில் படுப்பவள். அவளுக்கு என்னைத் தெரியும். "அவ கெடக்கா மச்சி, வேற டாக்டரம்மாகிட்ட காட்டுவோம்" என்றாள். தென்னூரில் காட்டினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் எங்களை யாருக்குத் தெரியும்? துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அவளுடைய கைப்பிள்ளை பரக்கத்தையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பரக்கத் என் வருங்கால மாப்பிள்ளை. அவன் பிறந்த அன்றே கமர், "மச்சி, இவன் உங்க பொண்ணுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை. ஆனாலும் நான் நம்பினேன். அவளுக்கு நஜீமா என்று பெயர்கூட வைத்திருந்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். "நீங்க உண்டாகலைம்மா. சில பேருக்கு ஏன்னே தெரியாம இப்படிச் சுரக்கும். தீட்டு ஒழுங்கா வரதா?"

"தள்ளித் தள்ளிப் போகுதுங்க."

"பால் வத்தினா அதுவும் சரியாகலாம். அப்புறம் குழந்தையும் தங்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. மாத்திரை தரேன். மாரைத் தொடாம விட்டுடுங்கோ."

மானம் தப்பியது. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. நடக்காதென்று தெரிந்தும், ராக்கம்மாள் சொன்னதை மனசின் ஒரு மூலை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வழியை அடைத்துக்கொள்ள, பஸ் நின்றுவிட்டது. பரக்கத் பசியில் வீறிட்டான். கமருக்குப் பால் போதாது. கொண்டுவந்த புட்டிப் பாலும் தீர்ந்திருந்தது. அவன் அழ அழ என் ரவிக்கை நனைந்தது.

கமர் அதைப் பார்த்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். "நீங்க குடுங்க மச்சி. உங்களுக்கும் ஒரு புள்ளையாயிடும்."

எங்கள் மார்க்கத்தில் பால் குடித்த பிள்ளை பெற்ற பிள்ளை மாதிரி. நான் பெறும் பெண்ணுக்கு அவன் அண்ணனாகிவிடுவான், நிக்காஹ் கூடாது. இது கமருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாள், நல்ல மனசோடுதான் கொடுத்தாள். எனக்குப் பெண் பிறக்கும் என்று நம்புவதை அவள் விட்டுவிட்டாள். ராக்கம்மாள் சொன்னதுகூட இப்படி வலிக்கவில்லை.

பரக்கத் துப்பட்டிக்குள் முகத்தை நுழைத்துத் தேடினான். அவன் மூச்சு சுட்டது. கொடுத்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது. கொடுத்தால் இவன் எனக்குக் கிடைப்பான், நஜீமா போய்விடுவாள்.

அவனைக் கமரிடமே கொடுத்தேன்.

"பசியில கத்துறானே மச்சி."

"கத்தட்டும். எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை வேணும்" என்றேன்.

கமர் என்னைப் பார்க்காமல் அவனைத் தட்டிக்கொடுத்தாள். பஸ் கிளம்பும்வரை அவன் அழுதான். நான் மாரோடு கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் நிற்கவில்லை.