புகை அதிகம் வரும் அடுப்பு

மூன்று கால் உள்ளது ஆடாது, நான்கு கால் என்றால் தரை சமமாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் பின்னால் சமமான தரை எங்கே இருக்கிறது, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே மட்டும்தான், அங்கே வைத்தால் காய்கிற துணியெல்லாம் புகை நாறும்... நாறட்டுமே, அதற்குத்தானே இத்தனை பாடு, என்று நினைத்தபடி அவர் அந்த மூன்று கால் கரி அடுப்பை லேசாக அசைத்துப் பார்த்தார். மேலே மூடிகூடக் கிடையாது, வெறும் தட்டும் கம்பி வலையும், விலை மூவாயிரம். பக்கத்தில் உருண்டையாக மூடி போட்டது ஆறாயிரத்து ஐந்நூறு, சட்டைப் பையில் இருப்பது ஏழாயிரம். விற்கிற பெண் அவரை விடுவதாயில்லை, “சார், அத விடுங்க, இந்த கேஸ் அடுப்பப் பாருங்க, பன்னெண்டாயிரம்தான், துளிப் புகை வராது, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்க” என்றாள். “ரொம்பப் புகை வர்றது எதும்மா?” என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மூடி போட்டதில் புகை உள்ளேயே சுற்றிக் கறியில் இறங்குமாம், மூடி இல்லாததில் அது பாட்டுக்கு ஊரைச் சுற்றப் போய்விடுமாம். அப்படியானால் எது நல்லது, வாய்க்குப் போகிற புகையா, மூக்குக்குப் போகிற புகையா... இதை அவளிடம் எப்படிக் கேட்பது, என் மனைவிக்கு எட்டு மாதமாக வாசனை தெரியவில்லை, ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது அதையும் வாரிக்கொண்டு போய்விட்டது என்று முன்பின் தெரியாத பெண்ணிடமா சொல்வது.

ஒரு வருடத்துக்குள் திரும்பினால் உண்டு, பழகிய வாசனைகளை அடிக்கடி காட்டுங்கள் என்றார் மூக்கு டாக்டர். பழகிய வாசனை என்றதுமே அவருக்கு இந்த அடுப்புதான் ஞாபகம் வந்தது. அவளை முதன்முதலாகப் பார்த்ததே அவள் அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில், கரி அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் தள்ளி ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், அப்படியே மூடியபடி, “அண்ணா, உருளைக்கிழங்கு கருகுது, ஓரத்துல இருக்கிறது” என்றாள். ஓரத்தில் இருந்ததுதான் கருகியிருந்தது! என்ன மூக்கு இது என்று அன்றைக்கு வாயைப் பிளந்தவர்தான்... கல்யாணத்துக்குப் பிறகு அந்த மூக்கிடம் அவர் பட்ட பாடு தனிக்கதை, ஒரு சிகரெட்டுகூட ஒளித்துப் பிடிக்க முடியவில்லை. ஆனால் திரும்பிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மாதமாக, ஒரு நாள் மழை வாசனை வருதுங்க என்றாள், ஒரு நாள் காபி, ஒரு நாள் புதுச் சோப்பு. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும், ஒரு நல்ல புகை.

கூட வந்தவள் எங்கே போனாள்? கடையின் பின் முற்றத்தில் சனிக்கிழமை என்பதால் ஒரு அடுப்பைப் பற்றவைத்துச் சோளம் சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள், மத்தியான வெயில் அந்தப் புகைக்குள் இறங்கி எல்லாவற்றையும் மங்கலாக்கியிருந்தது, பூந்தொட்டிகள், மடக்கு நாற்காலிகள், நடுவில் அவளுடைய நீலப் புடவை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நாற்காலியின் விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். காற்று திரும்பியது, புகை மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து தோளில் ஏறித் தலைமுடிக்குள் நுழைந்தது, ஓரத்துச் சோளம் கருகத் தொடங்கி இவர் நிற்கிற இடத்துக்கே வாசனை வந்துவிட்டது, அவள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தாள். இதோ இப்போது திரும்புவாள்... இதோ... எத்தனை நேரம்தான் ஒரு விலைச் சீட்டைப் படிப்பது! பிறகு கண் எரிந்ததோ என்னவோ, திரும்பினாள், புகையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், “ஆஹா, என்ன வாசனைங்க!” என்றாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை, சுவரில் எழுத்து அட்டை, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று ஒரு நாளைக்கு முப்பது பேரையாவது கேட்பார். கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு, வேலை போய்விடுமோ என்று பயந்த லாரிக்காரர்கள், அவர்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, நிஜமாகப் படிக்கிறவர் தடுமாறுவார், கண்ணைச் சுருக்குவார், மனப்பாடக்காரர் கடகடவென்று ஒப்பிப்பார். இவர் எழுந்துபோய் அட்டையைத் திருப்பி மாட்டுவார், பின்பக்கம் வேறு எழுத்து. அந்த மழை நாளில் அவள் ஜன்னலோரம்தானே நின்றாள், காபி கையில் இருந்தது, சோப்பின் உறையை அவளே பிரித்தாள்... செவ்வாய்க்கிழமை பால் அடிப்பிடித்து வீடே நாறியபோது பக்கத்து அறையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், இவர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, சத்தமில்லாமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். ஏன் சத்தமில்லாமல்? ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கு இது தெரியாமலா இருந்தது? அவள் இவருக்காக வாசனை பிடித்திருக்கிறாள், இவர் அவளுக்காக அதை நம்பியிருக்கிறார்.

“சார், எத எடுத்து வைக்கட்டும்? மூடி போட்டதா?” என்றாள் விற்கிற பெண். போய் அட்டையைத் திருப்ப வேண்டியதுதான், கண்ணை மூடச் சொல்லி எதையாவது மூக்கருகே நீட்ட வேண்டியதுதான்... மனைவியோ இதற்குள் அடுப்புக்கு எதிரே வந்து உள்ளங்கை இரண்டையும் நெருப்புக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தாள். “சூடு இங்க வரைக்கும் வருதுங்க...” என்றாள், குரல் மெதுவாக வந்தது, கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அவர் பக்கத்தில் போய்த் தன் கையையும் நீட்டினார், அவள் கையைப் பிடித்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார். “இங்க நல்லா இருக்கா?” பிறகு கொஞ்சம் முன்னே. “இங்கயா?” அவள் உடனே சொல்லவில்லை, யோசித்தாள், “திரும்ப ஒருவாட்டி காட்டுங்க” என்றாள். காட்டினார். “இங்க” என்றாள்.

“மூணு கால் அடுப்பே போதும்மா, மீதிக்கு அந்த நாற்காலில ரெண்டு” என்றார் விற்கிற பெண்ணிடம். மனைவி திரும்பிப் பார்த்தாள், “மூடி போட்டதுலதான் வாசனை நல்லா இறங்குமாமே?” நிஜமாகவே வாசனை தெரிகிறதா என்று இப்போது கேட்டுவிடலாம், வாய் வரை வந்தது. காற்று மறுபடி திரும்பியது, ஓரத்துச் சோளம் முழுக்கக் கருகிவிட்டது, யாராவது அதைப் புரட்டினால் தேவலை. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், கையை இன்னும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.