எண்பது சென்டிமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டிலும் வேலையிடத்திலும் அது ஊரறிந்த விஷயம். அன்று காலை பத்தரை மணிக்கு அந்தக் கோபம் ஒரு பேனாவின் மேல் வந்தது.

துறைமுகப் பாலத்தின் கோடியில், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற ஓர் அறை இருக்கிறது. அதன் தரையிலிருந்து ஒரு குழாய் நேரே கடலுக்குள் இறங்குகிறது. குழாய்க்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் அந்தப் பேனா. எல்லாம் சேர்ந்ததற்கு அளவி என்று பெயர். கடல் ஏறினால் பேனாவும் ஏறும், வற்றினால் இறங்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் காகிதத்தில் கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் காவல் இருப்பதுதான் பதினோரு வருடமாக என் உத்தியோகம்.

சுவரில் அட்டவணை தொங்கும். எந்த நாள், எத்தனை மணிக்குக் கடல் எவ்வளவு ஏறும், எவ்வளவு வற்றும் என்று வருடம் பிறப்பதற்கு முன்பே கணக்குப் போட்டு அச்சடித்தது. நிலாவும் சூரியனும் கடலை இழுக்கிற இழுப்பை வைத்துப் போட்ட கணக்கு. நிலா லீவு போடுவதில்லை, அதனால் அட்டவணையும் தப்பாது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. தப்புவது மிதவைதான். பாசி சுற்றும், சிப்பி ஒட்டும், கம்பி சிக்கிக்கொண்டு பேனா அந்தரத்தில் நிற்கும். அப்போதெல்லாம் குழாயை நாலு தட்டு தட்டிவிட்டு, பேனாவை அட்டவணை சொல்லும் இடத்துக்கு இழுத்து வைத்துவிடுவோம். விதிப்படி பார்த்தால், பாலத்தின் தூணில் இருக்கும் அளவுப் பலகையை இறங்கிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். அந்தப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். யார் இறங்குவது?

அன்று அமாவாசைக்கு மறுநாள். அந்த நாட்களில்தான் கடல் வெகுதூரம் வற்றும், வற்றிய வேகத்தில் வெகு உயரம் ஏறவும் செய்யும். முகத்துவாரத்தில் இருக்கும் மணல்மேடு முழுசாக வெளியே வருவதும் அப்போதுதான். மேட்டின் ஓரத்தில், கப்பல்களுக்கு வழி காட்டும் இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதற்கு வர்ணம் அடிப்பது என் தம்பியின் வேலை. படகு அங்கேயே நின்றால் தரை தட்டிவிடும், அதனால் அவனை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். தண்ணீர் கம்பத்துக்கு வரும் நேரத்தில் போய் ஏற்றி வரும். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது.

கிளம்பும்போது தம்பி என் அறை வாசலில் நின்று, எத்தனை மணி வரை நேரம் இருக்கிறது என்று கேட்டான். அட்டவணையைப் பார்த்து ஒரு மணி வரை என்றேன். சோம்பேறித்தனம் பண்ணாமல் இரண்டு பூச்சு அடித்துவிட்டு வா என்று ஓர் அதட்டலும் போட்டேன்.

பத்தரைக்குக் கடல் நாற்பது சென்டிமீட்டருக்கு வற்றியிருக்க வேண்டும். பேனா நூற்றிருபதில் நின்றது. சனியன் மறுபடியும் சிக்கிக்கொண்டது என்று குழாயைத் தட்டினேன். அசையவில்லை. திட்டிக்கொண்டே பேனாவை நாற்பதுக்கு இறக்கி வைத்தேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பழைய காகிதங்களை அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்தேன். கதவு வேறு படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாளாகக் கடலிலிருந்து ஒரே காற்று. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு செங்கல் தேடி வெளியே போனேன். மணி பன்னிரண்டு ஐந்து. அப்போது கண்ணில் பட்டது படிக்கட்டு. அந்த நேரத்துக்குக் காய்ந்து கிடக்க வேண்டிய படிகளில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். அட்டவணைப்படி நூற்றுப் பதினைந்து. பலகையில் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

மிதவை சிக்கவே இல்லை. இரண்டு நாள் காற்று கடலைக் கரைப்பக்கமாகத் தள்ளிக் குவித்திருக்கிறது. அட்டவணைக்கு நிலாவைத் தெரியும், காற்றைத் தெரியாது. இதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே படித்தவள் நான். எண்பது சென்டிமீட்டர் கூடுதல் என்றால், ஒரு மணிக்குக் கம்பத்துக்கு வர வேண்டிய தண்ணீர் பன்னிரண்டே காலுக்கெல்லாம் வந்துவிடும். தம்பிக்கு நீச்சல் தெரியும். ஆனால் கம்பத்துக்கு அந்தப்பக்கம் கப்பல் போகிற ஆழம். தண்ணீர் ஏறும்போது அங்கே ஓடுகிற ஓட்டத்தில் நீச்சல் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. வெறுங்காலோடு ஓடினேன்.

படகோட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்த மாட்டார், பிந்த மாட்டார். படகில் உட்கார்ந்து சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடனே கிளம்ப வேண்டும் என்றேன். அட்டவணைப்படி இன்னும் நேரம் இருக்கிறதே, இந்தக் காற்றில் சீக்கிரம் போய் அங்கே அல்லாட வேண்டுமா என்றார். காலையில் அளவியில் எல்லாம் சரியாக இருந்ததா என்றும் கேட்டார். மிதவை கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது.

"அளவி சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. பலகையப் பாக்காம நான்தான் பேனாவ இறக்கி வச்சேன். தண்ணி எண்பது சென்டிமீட்டர் மேல இருக்கு. தம்பி அங்க நிக்கிறான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

இருபத்தைந்து நிமிடப் பயணம். படகின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நான் நடந்த நடையில், உட்காரும்மா, படகு ஆடுது என்று கடிகாரம் இரண்டு தரம் சொன்னார். உட்கார முடியவில்லை. மணல்மேடு தெரியவேண்டிய இடத்தில் வெள்ளை நுரை மட்டும் தெரிந்தது.

கம்பம் தெரிந்தது. தம்பி அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். வர்ணம் அடிக்கக் கொண்டுபோயிருந்த ஏணியைக் காணோம். கம்பத்தின் அடியில் நீரோட்டம் அரித்த பள்ளத்தில் அவன் தொடைக்கு மேல் தண்ணீர். அலை வரும்போதெல்லாம் மார்பு வரை முங்கினான். கடிகாரம் படகை இரண்டு முறை கம்பத்தின் பக்கத்தில் கொண்டுபோனார், இரண்டு முறையும் ஓட்டம் தள்ளிவிட்டது. மூன்றாவது முறை நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிடியில் காலர் கிழிந்தது. எப்படியோ உள்ளே இழுத்துப் போட்டோம்.

உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கால் நனைந்த உடனே மேட்டின் உச்சிக்கு ஓட வேண்டியதுதானே, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கத்தினேன். அங்கே நின்றிருந்தால் முழங்கால் தண்ணீரில் பத்திரமாக நின்றிருக்கலாம்.

அவன் பல் தந்தியடிக்கச் சொன்னான்: "தண்ணி வந்ததப் பாத்தேன்க்கா. மணியும் பாத்தேன். பன்னெண்டே காலு. நீதான் ஒரு மணின்னு சொல்லியிருந்தியே. முழங்காலுக்கு வந்தப்பகூட, ஏதோ அலைதான், எறங்கிரும்னு ரெண்டாவது பூச்சு அடிச்சிட்டு நின்னேன்."

கடிகாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகை ஓட்டினார். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவை இறக்கி வைத்ததைச் சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, நடுங்கிக்கொண்டே தலையாட்டினான்.

"இனிமே நான் என்ன மணி சொன்னாலும் கேக்காத. கால் நனைஞ்சா நீயா கிளம்பிடு," என்றேன்.

"சரிக்கா, நீ சொன்னா சரிதான்," என்றான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.