கிளிக் இல்லாத பாட்டு

மேடையில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர், வீட்டில் பாப்பா. வருடக்கணக்கில் ஒரே மாதிரித் துள்ளல் பாட்டுகளைப் பாடி, ஓய்வொழிச்சல் இல்லாமல் ஆடியவள். ஒரு கச்சேரியில், காதுக்குள் டக் டக்கென்று தாளக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்த கிளிக் இயர்போனைப் பாதிப் பாட்டில் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு குக்கர் விசிலடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவளால் தாங்க முடிந்த ஒரே சத்தம் அண்ணியின் பேஸ் கிட்டார். குழுவில் பேஸ் வாசிப்பது அண்ணிதான். மத்தியானங்களில் ஸ்பீக்கரில் மாட்டாமல் சும்மா மீட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாப்பாவும் கூடவே முனக ஆரம்பித்தாள். குரல் அடியில், நெஞ்சுக்குள் கிடந்தது. தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். முனகல் மெல்லப் பாட்டானது. அண்ணனிடம் இருவரும் மூச்சு விடவில்லை. அவன்தான் மேனேஜர், சொன்னால் தாம்தூம் என்று குதிப்பான்.

ஆனால் அவனோ, இசைக் கம்பெனிக்காரரை ஒத்திகை அறைக்கே அழைத்துவந்துவிட்டான்.

“புதுப் பாட்டு ரெடி சார். பழசைவிட வேகம்!” என்று லேப்டாப்பைத் தட்டினான்.

அறை அதிர்ந்தது. பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணி பேஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பாப்பா எழுந்துபோய் லேப்டாப்பை மூடினாள்.

“என்ன பண்றே?” அண்ணன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இது வேண்டாண்ணா. நாங்க ஒண்ணு வச்சிருக்கோம்.”

“நாங்கன்னா யாரு?”

“நானுந்தான்,” என்றாள் அண்ணி.

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

அண்ணி நாலு சுரத்தை மீட்ட, பாப்பா பாட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே குரல் பிசிறியது. நிறுத்தினாள். கம்பெனிக்காரர் செல்போனை வெளியே எடுத்தார். அண்ணி அலட்டிக்கொள்ளாமல் அதே நாலு சுரத்தைத் திரும்ப மீட்டினாள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிடித்தாள். இம்முறை கடைசிவரை போனாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு எவம்மா ஆடுவான்? பழைய மாதிரி ஏதாச்சும் பண்ணினா கூப்பிடுங்க,” என்றார் கம்பெனிக்காரர்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த அண்ணன், தரையில் கிடந்த வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா விட்டிருப்பியா?” என்றாள் பாப்பா.

கொஞ்சம் யோசித்தான். “மாட்டேன்.” அண்ணி சிரிப்பை விழுங்கினாள். அண்ணன் பாப்பாவிடம் திரும்பினான். “சரி, ரெண்டாவது சரணத்துல எதுக்கு அப்படி ஓடுறே? யாராவது துரத்துறாங்களா? திரும்பப் பாடு.”

அந்தப் பாட்டைப் பாட, அண்ணனே சின்ன அரங்கு ஒன்றைப் பிடித்தான். அங்கும் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: “சூறாவளி, பழசை எடு!” சிலர் எழுந்து போனார்கள். வேகம் கூட்டச் சொல்லி பாப்பாவின் உடம்பே கெஞ்சியது. அவள் கூட்டவில்லை. பாட்டு முடிந்தும் கைதட்டல் உடனே வரவில்லை. அண்ணன் ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு கைதட்டல் வந்தது. பலமாக இல்லை, ஆனால் நிற்காமல் வந்தது. மிச்சம் இருந்தவர்களுக்காக அவள் அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.